முதுகைத் திருப்பிக்கொண்ட கிழவர்கள்

1998 மே மாதம். ஜப்பான் பேரரசர் அகிஹிட்டோ லண்டனில் எலிசபெத் ராணியோடு குதிரை வண்டியில் அரண்மனைக்குப் போகிறார். வழியில் நின்றிருந்த நூற்றுக்கணக்கான கிழவர்கள், வண்டி நெருங்கியதும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். சிலர் 'கர்னல் போகி' மெட்டை விசிலடித்தார்கள். ஒருவர் ஜப்பான் கொடியைக் கொளுத்தினார். எல்லோரும் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர்கள்.

போர் முடிந்து 53 வருஷம் ஆகியிருந்தது. முடிந்தபோது அகிஹிட்டோவுக்கு வயது 11. சின்னப் பையன் மேலயா இவ்வளவு கோபம் என்று கேட்கத் தோன்றும். இந்த ரயில் பாதை பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். எனக்கும் முதலில் அந்தக் கேள்விதான் வந்தது.

கொடுமை பெரிசுதான், சந்தேகமில்லை. 1942-43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். வேலை செய்த கைதிகள் சுமார் 60,000 பேர். செத்தவர்கள் 12,000க்கும் மேல். பசி, காலரா, அடி. ஆனால் கொடுமை மட்டும் கோபத்தை அரை நூற்றாண்டு காப்பாற்றாது. கணக்கை முடித்த விதமும் சேர்ந்துதான் காப்பாற்றியது.

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி பிரிட்டிஷ் கைதிகளுக்குக் கிடைத்தது ஆளுக்கு 76 பவுனும் சில்லறையும். இனி எதுவும் கேட்க முடியாது. கையெழுத்துப் போட்டது அரசாங்கம். அடி வாங்கியவனை யாரும் கேட்கவில்லை. 1971இல் ஹிரோஹிட்டோ விருந்தாளியாக வந்து கியூ தோட்டத்தில் ஒரு மரம் நட்டார். யாரோ அதை வெட்டிப்போட்டார்கள். 1998 நவம்பரில் டோக்கியோ நீதிமன்றம் கைதிகளின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2000இல் ஆளுக்கு 10,000 பவுன் கொடுத்ததும் பிரிட்டிஷ் அரசுதான், ஜப்பான் இல்லை. அந்தக் கிழவர்களின் கோபத்தில் பாதி சொந்த அரசாங்கத்தின் மேல் என்றே எனக்குப் படுகிறது.

எரிக் லோமாக்ஸ் கதை தெரிந்திருக்கும். சித்திரவதையின்போது பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் நாகாசே தகாஷியை ஐம்பது வருஷம் வெறுத்தவர். 1993இல் காஞ்சனபுரியில் அவரை நேரில் பார்த்தார். நாகாசே நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். லோமாக்ஸ் மன்னித்தார். அந்த அறையில் இருந்த ஆளே எதிரில் நின்று 'நடந்தது உண்மை' என்று சொன்னதுதான் வேலை செய்தது. எந்தப் பேரரசர் விருந்தும் அதைச் செய்திருக்காது.

இனி நம்ம ஆட்கள். அதே பாதையில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ஆசியக் கூலிகள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். முதலில் கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். ஆசியக் கூலிகளில் செத்தவர்கள் 80,000இலிருந்து ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் ஒழுங்கான பதிவேடு கிடையாது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. காலராவில் போன கூலிகளை மொத்தமாகக் குழியில் தள்ளினார்கள்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று நாவல்கள் வந்தன. ஆனால் தப்பி வந்த தோட்டத் தொழிலாளி எந்த ராஜாவுக்கு முதுகைக் காட்ட முடியும்? எந்த நாகாசே அவரைத் தேடி வந்தார்? தமிழர்கள் மறந்துவிட்டார்கள், மன்னித்துவிட்டார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மன்னிப்பதற்கும் முதலில் யாராவது வந்து கேட்கணும் இல்லையா? கோபப்படக்கூட ஒரு தெரு வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா யாராவது இருந்தால், பெயரையும் தோட்டத்தின் பெயரையுமாவது எழுதிவையுங்கள்.