கோதுமை ஆகாத பிள்ளைக்கு இஃப்தார் சமையல்

சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் சிறிதளவு போனாலும் சிறுகுடல் பாதிக்கப்படும். இது ஆயுள் முழுக்கப் பத்தியம். நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில், இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முடிவு தவறாக வரலாம்.

பரோட்டா, சேமியா, ரவை ஆகாது என்பது எல்லோருக்கும் புரியும். ஏமாற்றுபவை வேறு. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். உடம்புக்கு நல்லதென்று நாம் ஆசையாகக் கொடுக்கும் தல்பினா, பார்லிக் கஞ்சிதான். சமோசா பொரித்த எண்ணெயில் வடை சுட்டால் அந்த வடையும் ஆகாது.

நோன்புக் கஞ்சியைப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்த்து வீட்டிலேயே காய்ச்சலாம். பள்ளிவாசலில் வாங்கினால், கோதுமை ரவை சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கஞ்சியே வேண்டாம் என்று பிள்ளை முகத்தைத் திருப்பினால் அதட்டாதீர்கள். உடும்புக் கறி தமக்குப் பழக்கமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்துப் பாருங்கள். சமோசாவுக்குத்தான் அழுகிறதென்றால், அதற்கு வதக்கிய கொத்துக்கறியில் ஒரு பங்கை எடுத்து, அரிசிமாவுக் கொழுக்கட்டைக்குள் வைத்து ஆவியில் வேகவையுங்கள். மைதா பிசைவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.