தொப்பிக்குள் ஒரு மட்டை வரிசை

1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து 'டைகர்ஸ்' என்னும் பேஸ்பால் அணி, கிளீவ்லாந்து அணியை எதிர்த்து ஆட இருந்தது. டைகர்ஸ் அணி தோல்விகளால் துவண்டிருந்த நேரம் அது. மட்டை வரிசையை எப்படி மாற்றியும் பயன் காணாத மானேஜர் பில்லி மார்ட்டின், ஒரு விந்தையான முடிவுக்கு வந்தார். ஆட்டக்காரர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தொப்பிக்குள் போட்டார். எடுத்த வரிசையே ஆடும் வரிசை என்று அறிவித்துவிட்டார்!

பந்தை வெகுதூரம் அடிக்கக்கூடிய நார்ம் கேஷ் முதல் ஆளாக வந்தார். பந்தைத் தடுப்பதில் வல்லவரும், அடிப்பதில் அணியிலேயே மிகப் பின்தங்கியவருமான எட் பிரிங்க்மன், வழக்கமாகப் பெரும் அடிகாரருக்கென ஒதுக்கப்படும் நான்காம் இடத்தில் நின்றார். ஆட்டத்தின் முடிவு? டைகர்ஸ் 3–2 என்று வென்றது!

அன்று சீட்டு எழுதிய கைக்கு விளையாட்டாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டுப் போட்டி விளையாட்டாக முடியவில்லை. அமெரிக்கன் லீகின் கிழக்குப் பிரிவில் முதலிடம் யாருக்கு என்ற போட்டி கடைசி நாட்கள் வரை நீடித்தது. இறுதிக் கணக்கில் டெட்ராய்ட் 86 வெற்றி, 70 தோல்வி. பாஸ்டன் 85 வெற்றி, 70 தோல்வி. ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்தால் சில ஆட்டங்கள் கைவிடப்பட்டிருந்தன. ஆகவே இரு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடவில்லை. அரை ஆட்ட வேறுபாட்டில் டெட்ராய்ட் முதலிடம் பெற்றது, பாஸ்டன் வெளியேறியது.

இப்படி அரை ஆட்டத்தில் தலைவிதி முடிவாகும்போது, 'இவரை இரண்டாவதாக அனுப்பியிருக்கக் கூடாதா? அவரை ஏன் ஆறாம் இடத்தில் வைத்தார்?' என்று ரசிகர்கள் சண்டையிடுவதில் வியப்பென்ன! அமெரிக்க ரசிகர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கைப் பேசி வருகிறார்கள். இதில் அறிவியல் எப்படி நுழைந்தது, என்ன தீர்ப்புச் சொன்னது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டமும் வரிசையும்

கிரிக்கெட் அறிந்த நமக்குப் பேஸ்பாலைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் ஆட்டமிழந்தால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது. பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். அடித்த பந்து எல்லையைத் தாண்டி வெளியே போய்விட்டால் அது 'ஹோம் ரன்'. அடித்தவரோடு தளங்களில் நிற்பவர்களும் ஓட்டம் பெறுவர்.

முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸில் திரும்ப வருவதில்லை. பேஸ்பாலில் ஒன்பது பேரும் ஒரு வட்டமாகச் சுழன்று வருகிறார்கள். ஒன்பதாமவருக்குப் பின் மீண்டும் முதல்வர். ஓர் இன்னிங்ஸ் ஐந்தாமவரோடு முடிந்தால் அடுத்தது ஆறாமவரிடம் தொடங்கும். ஒருமுறை தந்த வரிசையை ஆட்டத்தின் நடுவில் மாற்றி அடுக்க முடியாது.

ஒன்பது பேரை எத்தனை விதமாக அடுக்கலாம்? வரிசை மாற்றங்களைப் படித்த மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: 3,62,880 விதங்களில்! இத்தனையுள் எது சிறந்தது? மரபு ஒரு விடை வைத்திருந்தது. முதலில் வேகமாக ஓடுபவர். இரண்டாவதாகப் பந்தை நயமாகத் தட்டி அவரை முன்னே நகர்த்துபவர். மூன்றாவதாக அணியின் தலைசிறந்த மட்டையாளர். நான்காவதாகப் பெரும் அடிகாரர். பிறகு இறங்கு வரிசையில் மற்றவர்கள். இது பட்டறிவில் விளைந்த விதி. ஆனால் அதை எவரும் அளந்து பார்த்ததில்லை.

எண்கள் வந்த கதை

அளப்பதற்கு முதலில் குறிப்புகள் வேண்டும். அவற்றைத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். ஆட்டத்தின் விவரம் முழுவதையும் சிறு கட்டத்துக்குள் அடக்கும் ஆட்டக்குறிப்பை 1859இல் வடிவமைத்தார். அவர் வளர்த்த வழியில் 'மட்டைச் சராசரி' என்ற எண் புகழ் பெற்றது.

ஆனால் அந்தச் சராசரியில் ஒரு குறை இருந்தது. முதல் தளம் வரை கொண்டுசெல்லும் அடியும் ஹோம் ரன்னும் அதில் ஒரே மதிப்புப் பெறும். நாலணாவையும் ஒரு ரூபாயையும் 'ஒரு நாணயம்' என்று எண்ணி, பையில் உள்ள தொகையைக் கூறுவது போன்றது இது! எஃப்.சி. லேன் என்ற பத்திரிகையாளர் 1910களிலேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். அக்காலத்தில் அதைப் பொருட்படுத்தியவர் சிலரே.

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் கனடா நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆய்வாளரான ஜார்ஜ் லிண்ட்சே. 1959, 1960 ஆண்டுகளில் நடந்த 370க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஒவ்வோர் அடியாகக் குறித்து வைக்கும் பெரும்பணியை அவருடைய தந்தை சார்லஸ் மேற்கொண்டார். அக்குறிப்புகளைக் கொண்டு மகன் 1963இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அதன் கருத்து எளிமையானது. மூன்று தளங்களில் ஆள் இருப்பதும் இல்லாததுமாக 8 நிலைகள். ஆட்டமிழந்தவர் 0, 1, 2 என்று 3 நிலைகள். ஆக மொத்தம் 24 நிலைகள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் வருகின்றன என்று அவர் கணக்கிட்டார்.

முதல் தளத்தில் ஒருவர், எவரும் ஆட்டமிழக்கவில்லை. இந்த நிலையின் மதிப்பு 0.81 ஓட்டம். இப்போது மரபு சொல்லும் 'இரண்டாம் ஆள்' வருகிறார். பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தாம் ஆட்டமிழந்து, முன்னவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்துகிறார். அரங்கம் கைதட்டுகிறது. ஆனால் புதிய நிலையின் மதிப்பு என்ன? 0.67 ஓட்டம்தான்! தியாகம் செய்தவர் உண்மையில் அணிக்குச் சிறு இழப்பையே உண்டாக்கினார். ஒரே ஓர் ஓட்டம் போதும் என்ற இறுக்கமான கட்டத்தில் இது பயன்படக்கூடும். பொது விதியாகக் கொண்டால் நட்டமே. இரண்டாம் இடத்தை இப்படித் தட்டிவிடுபவருக்கென ஒதுக்கிய மரபின் அடித்தளம் இதனால் ஆட்டம் கண்டது.

பகடையும் கணிப்பொறியும்

ரசிகர்கள் வாய்ச்சண்டையோடு நின்றுவிடவில்லை. 1951இல் 'ஆப்பா', 1961இல் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்னும் மேசை விளையாட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவருடைய உண்மைத் திறனுக்கேற்ப எண்கள் அச்சிட்ட ஓர் அட்டை, அதனோடு பகடை. பகடையை உருட்டி, அட்டையைப் பார்த்து, அடியா ஆட்டமிழப்பா என்று அறியலாம். தமக்குப் பிடித்த வரிசையை அடுக்கிச் சிறுவர்கள் ஆண்டு முழுவதற்குமான ஆட்டங்களை வீட்டிலேயே நடத்தினார்கள்.

வாசகர்களே, இது வெறும் பொழுதுபோக்கா? இல்லை. இயற்பியலாளர்கள் 'மான்டி கார்லோ முறை' என்று அழைப்பதும் இதே கருத்துதான். சமன்பாடுகளால் எளிதில் தீர்க்க முடியாத சிக்கலை, தற்செயல் எண்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான முறை நடத்திப் பார்த்துச் சராசரி காண்பது அந்த முறை. அணுக்கருவியலில் நியூட்ரான்களின் போக்கை அறிய, உலாம், வான் நாய்மன் ஆகியோர் 1940களில் அதை உருவாக்கினர்.

பகடையின் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டபோது வேகம் கூடியது. பால்டிமோர் அணியில் ஆடிய டேவி ஜான்சன் கணிதப் பட்டதாரி. அணி உரிமையாளருக்குச் சொந்தமான பீர் ஆலையின் கணிப்பொறியில் தம் அணியின் மட்டை வரிசைகளை ஓட்டிப் பார்த்தார். தாளோடு மானேஜர் ஏர்ல் வீவரிடம் சென்றார். வீவர் அதை ஏற்கவில்லை! பின்னாளில் ஜான்சனே மானேஜராகி, 1986இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு உலகத் தொடர் வெற்றியைப் பெற்றுத் தந்தார் என்பது தனிக்கதை.

1974இல் ஆலன் ஃப்ரீஸ் என்பவர் இந்தச் சோதனையை மிகப் பெரிய அளவில் செய்தார். நிலத்தடி நீரியலில் பெயர் பெற்ற அறிஞர் அவர். கணிப்பொறியில் 2,00,000 ஆட்டங்களை நடத்திப் பார்த்தார். 162 ஆட்டங்கள் கொண்ட ஓர் ஆண்டில் மட்டை வரிசையால் ஏற்படும் வேறுபாடு 3 ஆட்டங்களுக்கும் குறைவே என்பது அவர் கண்ட முடிவு. நூறாண்டுச் சண்டைக்குக் காரணமான பொருள் இவ்வளவு சிறியது!

நீங்களே கணக்கிடலாம்

இதற்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

ஆட்டத்தின் கடைசி மட்டையாளர் வரிசையின் எந்த இடத்தவராகவும் இருக்கலாம். ஒன்பது இடங்களுக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு என்று கொள்வோம். அப்படியானால் வரிசையில் ஓர் இடம் முன்னே நிற்பவருக்கு ஆட்டத்துக்கு 1/9 முறை கூடுதலாக ஆட வாய்ப்புக் கிடைக்கும். 162 ஆட்டங்களுக்கு இது 18 முறை. ஒன்பதாம் இடத்திலிருப்பவரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தால் 8 × 18 = 144 முறை கூடுதல்.

சிறந்த மட்டையாளருக்கும் எளிய மட்டையாளருக்கும் இடையே, ஒருமுறை ஆடுவதில் 0.1 ஓட்டம் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் கடைசிக்கும் முதலுக்குமாக இடம் மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 ஓட்டங்கள் வேறுபடும். கூடுதலாகப் பெறும் பத்து ஓட்டங்கள் ஏறக்குறைய ஒரு வெற்றிக்குச் சமம் என்பது ஆய்வாளர் பீட் பாமர் கண்ட விதி. ஆகவே பயன் ஒன்றரை வெற்றி. அதுவும் அணியின் தலைசிறந்தவரைக் கடைசியில் அனுப்பும் ஒரு மானேஜர் இருந்தால்தான்! உண்மையில் மானேஜர்கள் இரண்டு மூன்று இடங்களையே மாற்றுகிறார்கள். அதன் பயன் ஒரு வெற்றிக்கும் குறைவு.

கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

அப்படியானால் ரசிகர் ஒவ்வொருவரும் 'மாற்றியவுடன் வென்றோமே, நானே பார்த்தேன்' என்கிறாரே, ஏன்?

சம பலமுள்ள இரு அணிகள் ஆடுவதை நாணயம் சுண்டுவதற்கு ஒப்பிடலாம். 162 முறை சுண்டினால் சராசரியாக 81 தலை விழும். ஆனால் சரியாக 81 விழுவது அரிது. 162இன் வர்க்கமூலத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 6.4 என்பது இதன் திட்ட விலக்கம். 75 வெற்றியோ 87 வெற்றியோ வெறும் தற்செயலாலேயே எளிதில் வந்துவிடும். இந்த அலைக்கு நடுவே 1 வெற்றி என்ற சிற்றலையை எந்தக் கண் காண முடியும்? ஏறத்தாழ 40 ஆண்டு ஆட்டங்களின் சராசரியை எடுத்தால்தான் தற்செயலின் அளவே 1 வெற்றி என்ற அளவுக்கு இறங்கும். அதற்குள் ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள்!

ஆய்வகத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காணும்போது ஓர் அலைவை அளந்து நிறுத்துகிறோமா? 20 அலைவுகளை அளந்து வகுக்கிறோம். பிழையைச் சுருக்க அதுவே வழி. ஃப்ரீஸின் 2,00,000 ஆட்டங்கள் 1,200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆட்டங்களுக்குச் சமம். மனிதக் கண் காண முடியாததைக் கணிப்பொறி கண்டதன் காரணம் இதுவே. மார்ட்டினின் தொப்பி அன்று வென்றது மட்டை வரிசையின் சிறப்பைக் காட்டவில்லை. ஓர் ஆட்டத்தால் எதையும் நிறுவ முடியாது என்பதையே காட்டியது.

ரசிகர்கள் ஆய்வாளர்களானார்கள்

1971இல் பதினாறு ரசிகர்கள் கூப்பர்ஸ்டவுன் நகரில் கூடி, அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தை நிறுவினர். கான்சாஸ் மாநிலத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ், 1977இல் தம் கணக்குகளை ஒரு சிறு ஏடாகத் தாமே வெளியிட்டார். வாங்கியவர்கள் சில பத்துப் பேர்தாம். ஆனால் அவர் எழுப்பிய வினாக்கள் பரவின. ஆட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்காதபோது, ரசிகர்களே அரங்குகளில் அமர்ந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் குறித்தனர். டெலாவேர் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் 1989இல் தொடங்கிய 'ரெட்ரோஷீட்' அமைப்பு, பழைய ஆட்டங்களின் குறிப்புகளைத் தேடித் தொகுத்து அனைவருக்கும் இலவசமாகத் தந்தது. 2002இல் பாஸ்டன் அணி ஜேம்ஸைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 2004இல் அந்த அணி, 86 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடரை வென்றது.

2000களில் வந்த விரிவான கணக்குகள் மரபை மேலும் திருத்தின. அணியின் சிறந்த மூவர் 1, 2, 4ஆம் இடங்களில் நிற்பது நன்று என்றன. மூன்றாமவர், இருவர் ஆட்டமிழந்து தளங்கள் வெறுமையாக உள்ள நேரத்தில் அடிக்கடி வருவது இதற்கு ஒரு காரணம். 2022 அக்டோபர் 4 அன்று நியூயார்க் வீரர் ஆரன் ஜட்ஜ் அந்த ஆண்டின் 62ஆவது ஹோம் ரன்னை அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை முறியடித்தார். அப்போது அந்தப் பெரும் அடிகாரர் நின்ற இடம் வரிசையின் முதல் இடம்!

இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காகச் சண்டையிட்டது வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1972இல் பாஸ்டனுக்கு இல்லாமற்போனது அரை ஆட்டம். அந்த அளவில் ஒரு சிறு திருத்தமும் ஓர் ஆண்டின் உழைப்பைக் காத்திருக்கும். ரசிகர்கள் தேர்ந்த பொருள் தவறன்று. நேற்றைய ஓர் ஆட்டத்தை அளவுகோலாகக் கொண்டதே தவறு.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாணயத்தை 162 முறை சுண்டி, தலையை வெற்றியாகவும் பூவைத் தோல்வியாகவும் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஐந்தாறு தோல்விகள் வரும் இடம் பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். அந்த இடத்தில் நாணயத்தைக் குறை சொல்லத் தோன்றுகிறதா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.