வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும்

திருக்குடமுழுக்கு மலரிலே கோட்டையின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கோயிற் கதையையும் கோட்டைக் கதையையும் பிரித்துக் கூறுதல் அரிது. படைகள் பாடியிறங்கிய இடங்களை எண்ணிப் பார்த்தால் அவற்றுள் பல திருத்தலங்களாகவே இருக்கக் காண்கிறோம்.

பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணுக்குத் தப்பாமல் நிற்பது ரஞ்சன்குடிக் கோட்டை. ‘இது மராட்டியர் கட்டிய கோட்டைதானே?’ என்று அதனைக் காண வருவோர் கேட்பதுண்டு. இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்வாறு கூறிவிட்டால் கதையின் சுவையான பகுதி முழுவதும் போய்விடும். மராட்டியர் இதனைக் கட்டவில்லை என்பது உண்மையே. ஆனால் மராட்டியர் இந்நாட்டுக்கு வந்திராவிடில் இக்கோட்டை இவ்வடிவில் எழுந்திருக்குமா என்பது ஐயம்.

கோட்டைக்குப் போகும் வழியை ஒட்டியது வாலிகண்டபுரம். வாலி வழிபட்ட தலமென்பது ஐதிகம். இறைவன் வாலீசுவரர், இறைவி வாலாம்பிகை. சோழர் காலக் கல்வெட்டுகள் உடையது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்றது. இன்று அமைதியாக விளங்கும் இவ்வூர், 17-ஆம் நூற்றாண்டில் ஒரு சீமைக்குத் தலைநகராயிருந்தது. பீஜப்பூர் சுல்தானின் ஆளுநனாகிய ஷேர்கான் லோடி இங்கிருந்துதான் ஆட்சி புரிந்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேற இடமளித்தவன் இவனே. பிற்காலத்தில் அந்நகர் எய்திய சிறப்பை எண்ணும்போது, அதற்கு உத்தரவு பிறந்த இடம் வாலிகண்டபுரச் சீமை என்பது வியப்பாக இல்லையா?

1674-இல் முடிசூடிய சத்திரபதி சிவாஜி, 1677-ஆம் ஆண்டு தென்திசை நோக்கிப் படையெடுத்தார். மே மாதத்தில் செஞ்சிமலைக் கோட்டை அவர் வசமாயிற்று. அடுத்து அவர் கண் ஷேர்கான் மீது பட்டது. அப்பர் பெருமானின் சூலைநோய் தீர்ந்த திருவதிகையிலே இரு படைகளும் எதிர்நின்றன. ஷேர்கானின் படை சிறியது. மராட்டியர் வலிமையை அவன் சரியாக எடைபோடவும் இல்லை. பின்வாங்கத் தொடங்கிய படை அச்சத்தால் சிதறியது. புவனகிரிக்கு ஓடியவன் ஜூலை மாதத் தொடக்கத்தில் பணிந்தான். தன் சீமையைத் துறக்கவும், 20,000 வராகன் கொடுக்கவும் உடன்பட்டு, அப்பணத்துக்குப் பிணையாகத் தன் மகன் இபுராகிமை விட்டுச் சென்றான்.

அதன்பின் அவன் சென்ற இடம் யாது? அரியலூர்க் காடு. நாடிழந்து, மகனையும் பிணையில் விட்டு வந்தவனுக்கு அவ்வூர்ப் பாளையக்காரர் புகலளித்தார். அரியலூரை ஆண்டவர்கள் மழவராயர் மரபினர். வென்ற மன்னரின் பெயர் நாடெங்கும் முழங்கிய வேளையில், தோற்றவனுக்கு இடமளிப்பது எளிய செயலன்று. படைப்பெருக்கத்தையும் மதிற்பெருமையையும் விரித்துரைப்போர் இச்செய்தியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். எனக்கோ அந்த ஆண்டின் செய்திகளுள் இதுவே நெஞ்சில் நிற்கிறது.

சிவாஜி மேலும் தெற்கே வந்து கொள்ளிடத்தின் வடகரையில் தங்கினார். மராட்டிய வரலாற்று நூல்கள் ‘திருமலவாடி’ என்று குறிக்கும் அவ்விடம் நம் திருமழபாடியே. மூவர் பாடல் பெற்ற தலம். வயித்தியநாதப் பெருமான் கோயில் கொண்ட இடம். தலத்தை நினையாது சென்ற சுந்தரர் கனவிலே தோன்றி, ‘மழபாடியை மறந்தனையோ’ என இறைவன் கேட்டதாக வரலாறு கூறும். அத்தகைய தலத்தின் ஆற்றங்கரையில் அண்ணனும் தம்பியும் சந்தித்தனர். தஞ்சையை ஆண்ட ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய் மகன். தந்தை சாகாஜியின் உடைமையில் பங்கு வேண்டும் என்றார் அண்ணன். பேச்சு நாட்கணக்கில் நீண்டது. முடிவு பிறக்குமுன் ஓரிரவு ஏகோஜி எவருமறியாமல் ஆற்றைக் கடந்து தஞ்சைக்குப் போய்விட்டார். சொத்துப் பங்கீட்டிலே உடன்பிறந்தார் மனம் கசப்பது அரச குலத்துக்கும் குடியானவர் வீட்டுக்கும் பொதுவாயிற்று!

போன்சலே மரபின் வரலாறு முழுவதையும் பின்னாளில் சரபோஜி மன்னர் 1803-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலிலே மராட்டியில் பொறிக்கச் செய்தார். அரண்மனைச் சுவரைத் தேடாமல் கோயிற் சுவரைத் தேடினார் என்பதை அன்பர்கள் நோக்க வேண்டும்.

இனிச் செஞ்சி. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்த மாபெருங் கோட்டை அது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது அது ஒன்றே. சிவாஜியின் மகன் இராஜாராம் அங்கே அரசிருக்க, 1690 முதல் 1698 வரை மொகலாயர் அதனை முற்றுகையிட்டனர். அம்முற்றுகைக்கு வந்த தளபதி சுல்பிகர்கானிடமிருந்தே கருநாடக நவாபுகளின் வரிசை தொடங்குகிறது. அந்நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவரே 17-ஆம் நூற்றாண்டில் ரஞ்சன்குடிக் கோட்டையைக் கட்டினார் என்பது தொல்லியல் துறையார் கூற்று. அங்ஙனமாயின், செஞ்சிப் போரின் விளைவுகளுள் ஒன்றாகவே இக்கோட்டையை நான் கருதுகிறேன்.

அகழி சூழ, அரைவட்டக் கொத்தளங்களோடு, செதுக்கிய கல்லால் மூன்று நிலைகளில் மதில்கள் எழுந்துள்ளன. கீழ்நிலையினின்று மேலேறும்போது ஒவ்வொரு மதிலும் அடுத்ததற்குக் காவலாய் நிற்பதை உணரலாம். அரண்மனைச் சிதைவுகளும் நிலவறைகளும் பேட்டையும் உள்ளன.

1751 ஜூலையில் இங்கே நடந்த போரைப் பற்றி ஒரு திருத்தம் கூறவேண்டும். ஆங்கிலேயர் வென்றனர் என்று பலரும் எழுதுகின்றனர். சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறம் நிற்க, கோட்டைத் தலைவன் இருபாலாரிடமும் பேரம் பேசிக் காலங் கடத்தினான். பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டையைத் தாக்கினர், கற்கோட்டையோ வசப்படவில்லை. தலைவன் சந்தாசாகிபை அழைத்துக்கொண்டான். ஆங்கிலப் படை கலங்கி ஓடிற்று. கிளைவ் முதலிய அதிகாரிகள் தடுத்தும் நிற்கவில்லை. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு, 1752 ஜூனில், இதே இடத்தில் பிரெஞ்சுத் தளபதி தோத்தேல் கிளைவிடம் சரணடைந்தான். வெற்றி என்று குறிக்க வேண்டியது இதனையே. அதனையடுத்துச் சில நாட்களில் திருவரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படையும் பணிந்தது; சந்தாசாகிபும் உயிரிழந்தான்.

கோட்டையைக் காண விழைவோர் காலையில் ஏறுதல் நலம். உச்சிவேளையில் பாறை கொதிக்கும். நிழலும் குறைவு. குடிநீரை உடன்கொண்டு செல்க. முதியோர் முதல் நிலையோடு நின்றுவிட்டாலும் குறையில்லை. கொத்தளங்களின் வேலைப்பாடு அங்கேயே தெரியும். மேலேறுவோர் நாற்புறமும் விரிந்த புன்செய்க் காடுகளைக் காணலாம். ஷேர்கானின் சீமை அது. கல்லைப் பெயர்ப்பதும் மதிலிற் பெயர் கீறுவதும் கூடா. பல நூற்றாண்டு நின்ற கல் நம் கையால் அழிதல் ஆகாது. பங்குனியில் வருவோர் தென்கிழக்கே திருமழபாடிக்கும் சென்று நந்தியெம்பெருமான் திருமணத்தைத் தரிசிக்கலாம். சிவாஜி தங்கிய கொள்ளிடக்கரை அதுவே. மற்றைய நாட்களில், கோட்டையை மாலையில் சுற்றிப் பார்த்து வெயில் தாழ இறங்கினால், வாலீசுவரர் சந்நிதியில் விளக்கேற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.