சம்பா காப்பீட்டுக்கு முன் பட்டாவையும் புலப்படத்தையும் ஒப்பிடுங்கள்

வேளாங்கண்ணி பகுதி விவசாயிகளே, உங்கள் பெயரும் நிலப் பரப்பும் 'தமிழ்நிலம்' தரவுத்தளத்தில் உள்ளன. வயலின் எல்லைகள் புலப்படத்தில் உள்ளன. இரண்டையும் இணைப்பவை சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும்தான். மின்னணு பயிர் கணக்கெடுப்பும் இவற்றைக் கொண்டே நடக்கிறது. எண் தவறினால் உங்கள் நெல் வேறொருவர் வயலில் பதிவாகும். வெள்ளச் சேதத்தின்போது இழப்பீடு பெறுவது சிக்கலாகும்.

செய்ய வேண்டியவை:

1. அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் வட்டம், உங்கள் கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பட்டாவையும் புலப்படத்தையும் எடுங்கள்.

2. உட்பிரிவு எண், பரப்பு இரண்டிலும் ஒன்றா எனப் பாருங்கள்.

3. பாகம் பிரித்தும் உட்பிரிவு ஆகவில்லையெனில், இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். நில அளவர் வந்து அளப்பார்.

4. கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் அடங்கலிலும், காப்பீட்டுப் படிவத்திலும் அதே எண் இருக்கட்டும்.