அவசர நிறுத்தச் சுற்று (யாழ்ப்பாணக் குடாநாடு)

ஓடும் இயந்திரத்தை ஆபத்து வேளையில் ஒரே அழுத்தலில் நிறுத்துவதற்கான மின்சுற்று. நிறுத்தினால் மட்டும் போதாது. மனிதர் ஒருவர் வேண்டுமென்றே இயக்கும்வரை அந்த இயந்திரம் மறுபடி ஓடக்கூடாது. இந்தப் பின்பாதியே எளிதில் மறக்கப்படக்கூடியது.

இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சட்டத்துக்கு மாதிரியாக இருந்தது 1937ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம். ஒரே எஞ்சின் சுழற்றும் நீண்ட தண்டிலிருந்து பல பெல்ட்டுகள் இறங்கி இயந்திரங்களை ஓட்டிய காலத்துக்கு எழுதப்பட்டது அது. வேலை நடக்கும் ஒவ்வோர் அறையிலும் அந்தத் தண்டுக்கான விசையை உடனே துண்டிக்க வழி இருக்கவேண்டும் என்றது. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்றான பிறகு, அந்த வேலை சிவப்புப் பொத்தானுக்கு வந்தது.

பொத்தானின் தொடுப்பு சாதாரண நிலையில் மூடியிருக்கும். அதன் வழியாகப் போகும் மின்சாரம்தான், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிச்சான கொன்டாக்டரைப் பிடித்து வைக்கிறது. பொத்தானை அழுத்தினாலும், எலி வயரைக் கடித்தாலும், முனை கழன்றாலும் கொன்டாக்டர் விழுந்து மோட்டார் நிற்கும். பழுது பட்டாலும் பாதுகாப்பான பக்கமே சாயும் இந்த அமைப்புத்தான் சுற்றின் உயிர். மாறாக, அழுத்தும்போது மூடும் தொடுப்பைப் பொருத்தினால், அறுந்த வயர் ஆபத்து வரும்வரை யாருக்கும் தெரியாது.

1990இல் போரினால் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்தது. அரைக்கும் மில்கள் எஞ்சினில் ஓடின. ஓடும் டீசல் எஞ்சினை நிறுத்த மின்சாரத்தைத் துண்டித்துப் பயனில்லை, எரிபொருளை அடைக்கவேண்டும். எஞ்சின் கொட்டிலிலும் அரைப்பவர் உள்ளேயும் இருந்தால், நிறுத்தும் பிடி கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

மின்சாரம் திரும்பியபோது வேறோர் ஆபத்தும் சேர்ந்து வந்தது. வெறும் மெயின் சுவிச்சில் ஓடும் மில்லில் கறன்ற் போனால் சுவிச் போட்டபடியே கிடக்கும். அந்த இடைவெளியில் ஒருவர் அடைபட்ட மிளகாய்த்தூளைக் கையால் தோண்டிக்கொண்டிருக்க, கறன்ற் வந்தால் மோட்டார் தானாகப் புறப்படும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. கொன்டாக்டர் இருந்தால் அது விழுந்தே கிடக்கும்; தொடக்கப் பொத்தானை மறுபடி அழுத்தவேண்டும்.

ஐரோப்பாவில் 1992இல் அவசர நிறுத்தத்துக்கான ஈஎன் 418 தரநிலை வந்தது. 1996இல் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 13850 தொடர்ந்தது. 2015 பதிப்பின்படி பொத்தான் சிவப்பு, பின்னணி மஞ்சள், உயரம் தரையிலிருந்து 0.6 முதல் 1.7 மீட்டர்வரை. அழுத்தினால் பூட்டிக்கொள்ள வேண்டும். விடுவித்தாலும் இயந்திரம் ஓடக்கூடாது. மின்சாரத்தை உடனே துண்டிப்பது ஒரு முறை. பிரேக் போட்டு நிறுத்தி, பிறகு துண்டிப்பது மற்றையது. மரக்காலை வாளுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்: மின்சாரம் போன பின்னும் வாளின் தகடு சுழன்றுகொண்டே இருக்கும்.

நல்ல பொத்தானும் ஒற்றைக் கொன்டாக்டரை நம்பியிருந்தால் நம்மைக் கைவிட்டுவிடலாம். தொடுப்புகள் சூட்டில் உருகி ஒட்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. ஆகவே ஆபத்துக் கூடிய இயந்திரங்களில் இரண்டு கொன்டாக்டர்களைத் தொடராக இணைத்து, ஒன்று ஒட்டிக்கொண்டால் மறுதொடக்கத்தைத் தடுக்கும் பாதுகாப்பு ரிலேயையும் வைப்பார்கள். பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் போடும் மூடிக்கு இவை எதுவும் மாற்றாகாது.