கொடுமுடி சுந்தராம்பாள்: துறவு வேடமும் தொழில்வாழ்வும்

தமிழிசை வரலாறு எழுதப் புகுந்தோர் கச்சேரி மேடையை விரித்துரைத்த அளவுக்கு நாடக மேடையை விரித்துரைத்தாரல்லர். அம்மேடையிற் பாடிய மகளிரைப் பற்றிய செய்திகளிலோ, வரலாறு தொடங்குமிடத்தே புராணம் வந்து புகுந்துவிடுகின்றது. கொங்கு நாட்டுக் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) இதற்குத் தக்க சான்று ஆவார். அவர்தம் வாழ்வு கற்பின் காவியமாகவே பலகாலும் சொல்லப்பெறுகின்றது. அதனை ஒரு பாடகியின் தொழில்வாழ்வாக வைத்து ஆராய்தலே ஈண்டு எம் நோக்கம்.

கொடுமுடி காவிரிக்கரையில் அமைந்த பாடல் பெற்ற தலம். சுந்தரர் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளியது இவ்வூரிலேயே. ஆயினும் ஊர்ப்பெருமை வறுமையைத் தீர்ப்பதில்லை. ஓடும் இரயில்வண்டியிற் பாடிப் பொருள் பெற்ற சிறுமியின் குரலைக் கேட்ட திருச்சி எஃப். ஜி. நடேச ஐயர் அவரை நாடகத்திற்கு ஆற்றுப்படுத்தினார் என்பர். வண்டியின் இரைச்சலுக்கு மேல் எழுந்து பாடப் பழகிய குரல் அது என்பதனை மட்டும் யாம் குறித்துக்கொள்வோம், பின்னர் வேண்டப்படும்.

ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கடைசி வரிசையிலிருப்பார்க்கும் சொல் தெளிவாகக் கேட்க விடியுமளவும் பாடுதல் வேண்டும். அதனினும் அரிது சிறப்பு நாடகத்தின் அமைப்பு. ஸ்பெஷல் நாடகம் என வழங்கப்பெற்ற அதில், தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெற்ற நடிகர்கள் கூட்டு ஒத்திகையின்றியே ஒரு மேடையிற் கூடுவர். கதை அனைவரும் அறிந்தது. ஆனால், வள்ளி திருமணத்தில் வள்ளியும் வேலனும் நிகழ்த்தும் தருக்கம் அன்றிரவு மேடையிலேயே உருப்பெறுவது. எதிரே நிற்பவர் எவ்விராகத்தில் எதனை வினவுவார் என்பது முன்னர்த் தெரியாது. பாட்டிற்குப் பாட்டும் உரைக்கு உரையும் உடனே விடையாக வருதல் வேண்டும். பாட்டாசிரியர் பெயரை ஏட்டில் தேடும் நம் வழக்கம் இங்கே பயன்படாது. பாடினவரே அத்தருக்கத்தின் ஆசிரியருமாவார். இத்தகைய மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்து நின்றார் சுந்தராம்பாள். 1926-இல் இலங்கையில் இணைந்து நடித்த இருவரும் 1927-இல் மணந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி உண்டு. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு அப்போது 27 வயது, சுந்தராம்பாளுக்கோ 25.

அதன்பின் அவர் வெள்ளுடை தரித்தார், அணிகலன் துறந்தார், ஆடவர்க்கு இணையாக நடிப்பதில்லை எனவும் உறுதிகொண்டார் என்பர். புராணம் இங்கே நின்றுவிடுகின்றது. யாம் வினவுவது வேறு. கைம்மையும் நாடகத் தொழிலும் ஒருங்கே பழிக்கு இடமாயிருந்த சமுதாயத்தில், இளம் கைம்பெண் ஒருத்தி பல்லாயிரவர் முன் பாடி வாழ வழி யாது?

அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்தின் விடை புலனாகும். 1935-இல் வெளிவந்த பக்த நந்தனாரில் அவர் நந்தனாராகவே, அதாவது ஆணாகவே, நடித்தார். வேதியராக நடித்தவர் இசைப்புலவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆடவரோடு நடிப்பதில்லை என்ற உறுதி, தாமே ஆடவராகியபோது தடையாகவில்லை! அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது அந்நாளில் கேட்டறியாத தொகை. இரங்கி ஈயப்பெறும் தொகையன்று அது. 1940-இல் மணிமேகலை, அரசகுமரன் காதலை மறுத்துத் துறவு பூண்டவள். 1953-இல், கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஜெமினியின் ஔவையார்; இளமையை வேண்டி ஈந்து முதுமையைப் பெற்றவர். 1964-இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், சமணத் துறவி. சிவபத்தியிற் சிறந்த ஒருவர் சமணத் துறவியாகவும் தோன்றியமை கருதத்தக்கது. சமயத்தைவிட வேடத்தின் இயல்பே தெரிவை வகுத்தது எனலாம். ஆண், துறவி, முதியோள் என்னும் மூன்று நிலைகளும் காதற்காட்சிக்கு அப்பாற்பட்டவை. மூன்றிலும் பாடுதற்கும் நாடுசுற்றுதற்கும் அறிவுரை கூறுதற்கும் உரிமை உண்டு. நம் காப்பியங்களும் ஔவை பற்றிய வழக்காறுகளும் பெண்ணுக்கென வைத்திருந்த அவ்விடத்தை அவர் தேர்ந்து கைக்கொண்டார் என்பதே எம் துணிபு. துயரம் மெய்யன்று என்பது எம் கருத்தன்று. துயரத்தோடு தெளிவும் இருந்தது என்கின்றோம்.

அரசியல் மேடையிலும் இவ்வுரிமை அவருக்குத் துணைநின்றது. 1937 தேர்தலில் சத்தியமூர்த்தியோடு காங்கிரசுக்காகப் பாடினார். கூட்டம் பேச்சுக்கு முன்னர் அவர் பாட்டுக்கே கூடியது என்பதில் வியப்பில்லை. 1951-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். திரையுலகினர் சட்டமன்றம் புகுந்த வரலாறு பிற்காலத்தில் மிக விரிந்தது. அதன் தொடக்கத்தில் கொடுமுடிப் பாடகி ஒருவர் நிற்பதை எழுதுவார் சிலரே.

சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக வழங்கப்பெற்றது; அதனைப் பெற்றவர் பி. சுசீலா. மறு ஆண்டு துணைவன் படத்திற்காக அதனைச் சுந்தராம்பாள் பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. ஒலிவாங்கிக்கு நெருங்கி மென்மையாகப் பாடும் முறை நிலைபெற்றுவிட்ட காலம் அது. அறுபதை எட்டிய அவரோ, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிய பழைய முறையிலேயே அப்படத்திலும் பாடியிருக்கின்றார்.