குளத்தங்கரையில் ஒரு பள்ளிக்கூடம்

தவளை எங்கே வாழ்கிறது? சிறு குழந்தையிடம் நாம் கேட்கும் எளிய கேள்விகளுள் இதுவும் ஒன்று. "குளத்தில்" என்று குழந்தை சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது என எண்ணிவிடுகிறோம். ஆயினும் இக்கேள்வி பள்ளிப் பாடத்தில் தனக்குரிய இடத்தைப் பெற நெடுங்காலம் பிடித்தது. இடம் பெற்ற பின்னரோ, அது நன்மைக்கும் பயன்பட்டது; கொடிய தீமைக்கும் பயன்படுத்தப்பட்டது. பிள்ளைகளை வளர்ப்போரும் அவர்களுக்குக் கற்பிப்போரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

குழந்தைகளுக்கெனப் படங்களுடன் ஆக்கப்பட்ட தொடக்ககாலப் பாடநூல்களுள் புகழ்பெற்றது, 1658-ஆம் ஆண்டு நூரம்பெர்க் நகரில் வெளிவந்த கொமேனியசின் 'ஓர்பிஸ் பிக்டுஸ்' என்னும் நூல். அதில் வயலிலும் காட்டிலும் திரியும் பறவைகள் ஒரு பாடமாகவும், நீர்ப்பறவைகள் வேறொரு பாடமாகவும் அமைந்துள்ளன. ஆற்று மீன்களும் கடல் மீன்களும் அவ்வாறே பிரிக்கப்பட்டுள்ளன. உயிரை அதன் இடத்தோடு சேர்த்துக் காட்டும் முயற்சி அன்றே அரும்பியது எனலாம்.

ஆனால் 1735-இல் லின்னேயஸ் தம் 'இயற்கையின் முறைமை' நூலை வெளியிட்ட பின்னர், உயிர்களை வகைப்படுத்துவதே இயற்கை அறிவின் முதன்மைப் பணியாயிற்று. காலப்போக்கில் பள்ளிகளும் அவ்வழியே சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பள்ளிகளில் மாணவர் பூவின் இதழ்களை எண்ணினர். விலங்கின் பற்களையும் நகங்களையும் விவரித்தனர். ஒவ்வோர் உயிரையும் அதற்குரிய வகையில் சேர்த்தனர். இதனைக் குறைகூற வேண்டியதில்லை. பெயர் அறியாமல் ஒன்றை அறிமுகம் செய்துகொள்வது கடினமே. எனினும் உலர்ந்த செடியும் பஞ்சடைத்த பறவையும், தாம் யாரோடு வாழ்ந்தோம் என்பதைக் குழந்தைக்குச் சொல்லவில்லை.

மாற்றம் ஒரு சிப்பிப் படுகையிலிருந்து பிறந்தது. வடஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராயிருந்த கார்ல் மேபியஸ், அப்பகுதிக் கடலில் சிப்பி வளத்தைப் பெருக்க இயலுமா என ஆராய்ந்தார். 1877-இல் வெளிவந்த தம் நூலில், சிப்பி தனித்து வாழ்வதில்லை என்று அவர் விளக்கினார். நண்டும் புழுவும் மீனும் பாசியும் சேர்ந்த ஓர் உயிர்ச் சமூகத்தின் உறுப்பே அது. ஓர் உறுப்பு மிகினும் குறையினும் ஏனையவையும் மாறும். அளவின்றி அள்ளினால் படுகையே வறிதாகும். அவர் ஆராய்ந்த அப்படுகைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அழிந்தே போயின.

மேபியசிடமிருந்து இக்கருத்தைப் பெற்றவர், அதே கீல் நகரில் பள்ளி ஆசிரியராயிருந்த பிரீட்ரிக் யுங்கே. கடலடிப் படுகைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இயலாது; ஊர்க் குளத்துக்கு அழைத்துச் செல்லலாம் அன்றோ? 1885-இல் அவர் 'உயிர்ச் சமூகமாக ஊர்க்குளம்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். வாழும் இடமும், வாழும் முறையும், உடலின் அமைப்பும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் என்பதே அவர் கற்பித்த முதன்மையான பாடம். வாத்தின் விரல்களுக்கிடையே தோல் இருப்பதைச் சொன்னால் மட்டும் போதாது. அத்தோல் துடுப்பாவதைக் குழந்தை நீரில் காண வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள சிறகு நனையாததையும், தட்டையான அலகு சேற்றை அலசுவதையும் காண வேண்டும். அப்போது குளத்தை அறிந்தே வாத்தை அறிகிறது. வாத்தை அறிந்தே குளத்தை அறிகிறது.

யுங்கே வகுத்த இயற்கை விதிகள் சிறுவர்களின் அறிவுக்கு எட்டாதவை என்று அக்காலத்திலேயே சிலர் குறை கூறினர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் அவர் காட்டிய வழி நிலைத்தது. குளம், காடு, புல்வெளி என வாழிடங்களை அலகாகக் கொண்டு கற்பிக்கும் முறை ஜெர்மானியப் பள்ளிகளில் பரவியது.

யுங்கே 1905-இல் மறைந்தார். அவர் கண்டிராத ஒரு திருப்பம் பின்னர் நேர்ந்தது. 1933-இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாண்டு செப்டம்பரில் பிரஷ்யப் பள்ளிகளின் இறுதி வகுப்புகளில் இனவியல் கட்டாயப் பாடமாக்கப்பட்டது. பவுல் புரோமர் போன்ற கல்வியாளர்கள் உயிர்ச் சமூகம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு, நாட்டு மக்களும் அத்தகைய சமூகமே என்று கற்பித்தனர். இயற்கையில் ஒவ்வோர் உயிருக்கும் உரிய இடம் உண்டு என்னும் பாடம், இந்த மண்ணில் இன்னாருக்கு இடமில்லை என்னும் பாடமாகத் திரிக்கப்பட்டது. அதன் முடிவில் எத்தனை இலட்சம் மக்கள் வீடிழந்து, நாடிழந்து, உயிரிழந்தனர் என்பதை உலகம் அறியும்.

குளத்தின் மீது இப்பழியைச் சுமத்தலாமா? குளத்தை உற்றுநோக்கினால் அது அப்பொய்க்கு உடன்படவில்லை என்பது விளங்கும். கோடையில் அதன் மேல் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும் தகைவிலான் குருவி, குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. தலைப்பிரட்டையாய் நீரில் நீந்தியது தவளையாகிக் கரையேறுகிறது. தட்டானின் இளமை நீருக்குள், முதுமையோ காற்றில். குளத்துக்குக் கரை உண்டு, மதில் இல்லை. வருவோரும் போவோரும் சேர்ந்தே அதனைக் குளமாக்குகின்றனர். மேலும், விலங்கின் வாழிடத்தை அதன் உடலமைப்பு வரையறுக்கிறது. மனிதரோ பனியிலும் பாலையிலும் வீடு கட்டி வாழக் கற்றவர். வாத்துக்குப் பொருந்தும் விதியை அயலார்மேல் ஏற்றுவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

எனவே பிள்ளைகளுக்கு வாழிடங்களைக் கற்பிக்கும்போது இரண்டைச் சேர்த்தே கற்பிப்போம். ஓர் உயிரின் வீட்டை அழித்தால் அவ்வுயிரையே அழிக்கிறோம் என்பது ஒன்று. எந்த வீடும் தன்னந்தனியே வாழ்வதில்லை என்பது மற்றொன்று. முன்னதை மறந்தால் குளம் தூர்ந்துபோகும். பின்னதை மறந்தால் மனிதநேயம் தூர்ந்துபோகும்.

தவளை எங்கே வாழ்கிறது என்று கேட்டுக் "குளத்தில்" என்ற விடையைப் பெற்றவுடன் நிறுத்திவிடாதிருப்போம். அங்கே அதனோடு வேறு யார் யார் வாழ்கின்றனர் என்று அடுத்த கேள்வியைக் கேட்போம். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.